தூங்கியவர் கேட்ட கூலி

அந்த மணிச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தகரத்தை வளைத்துச் செய்த மாட்டு மணி. டொக்... டொக்... களைத்துப் போன ஒருவர் கதவைத் தட்டுவது போல.

அண்ணன் ஷோனிவாவின் சொத்தையும் துணிமணிகளையும் பங்கு போட்ட நாள் அது. அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

உயிலை நிறைவேற்றும் பொறுப்பை அண்ணன் தன் பிள்ளைகளிடம் விடவில்லை. மண்டேவிடம் விட்டிருந்தார். மண்டேவு எங்கள் குடும்பத்து சஹ்விரா. சாவு வீட்டில் செத்தவரைப் போலவே நடித்து, அழுகிறவர்களைச் சிரிக்க வைக்கும் தோழர். சடங்கு நாளில் சஹ்விரா ஒன்றைக் கேட்டுவிட்டால் எந்த வீடும் இல்லை என்று சொல்லக் கூடாது.

அன்றும் அண்ணனின் கோட்டை மாட்டிக்கொண்டு, அண்ணன் மாதிரியே இருமிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்.

"டேய் டோகரெபி!" அண்ணனின் மூத்த மகனை அண்ணன் குரலிலேயே கூப்பிட்டார். "உனக்கு வீடு வந்தாச்சு. தங்கச்சிக்கு நிலம் வந்தாச்சு. எனக்காக ரெண்டு வருஷம் அலைஞ்சவங்களுக்கு என்னடா வச்சிருக்கே?"

"ரெண்டு பானை பீர் இருக்கு மாமா. ஒரு பானை உங்களுக்கே!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"பானை வேண்டாம். அந்தச் செவலைப் பசுவைக் குடு."

சிரிப்பு நின்றுவிட்டது. தொழுவத்தில் கறக்கிற பசு அது ஒன்றுதான்.

"விளையாடாதீங்க மாமா."

"வழக்கப்படி கேட்டாலும் எனக்கு உண்டு. சட்டப்படி கேட்டாலும் உண்டு. உயிலைத் தீர்த்து வைக்கிறவனுக்குக் கூலி உண்டுன்னு மஸ்விங்கோ டவுன் ஆபீஸ்லயே சொன்னாங்க."

"சிநேகிதன் கூலி கேப்பானா? அப்பாவோட ஒரே தட்டுல களி தின்னவரு நீங்க!"

"தின்னேன். அது அன்னைக்கே செமிச்சுப் போச்சு."

டோகரெபி எரிச்சலோடு ரவிரோவைத் திரும்பிப் பார்த்தான்.

ரவிரோ அவன் தம்பியின் மனைவி. அந்தத் தம்பி, அப்பாவுக்கும் முன்னாலேயே இறந்துவிட்டான். பிள்ளையும் இல்லை. அதனால் பங்கும் இல்லை. மறுநாள் தாய்வீட்டுக்குத் திரும்புகிறாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு நாள் நடை. கட்டி வைத்த மூட்டையில் இரண்டு சட்டி, ஒரு கம்பளி. அன்று முழுக்க முழங்காலிட்டு, வந்தவர்கள் கைகழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மண்டேவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. காகிதங்களைப் படித்துச் சொல்ல ஒவ்வொரு தடவையும் அவளைத்தான் கூட அனுப்பினோம்.

"நீதானே கூடப் போனே? மாமா அங்க என்ன வேலை பாத்தாருன்னு சொல்லு."

அவள் மண்டேவைப் பார்த்தாள். "சொல்லட்டுமா மாமா?"

"உள்ளதைச் சொல்லும்மா."

"பஸ்ல தூங்குவாரு. ஆபீஸ் பெஞ்சுலயும் தூங்குவாரு. எழுப்பினா கையெழுத்துப் போடுவாரு."

சிரிப்பில் முற்றமே அதிர்ந்தது.

"குறட்டைக்குக் கூலியாம்!"

"அதுவும் கறக்கிற பசுவாம்!"

டோகரெபி எழுந்து நின்றான். "கேட்டுக்கங்க எல்லாரும். வரிசையில நின்னது இவ. படிச்சது இவ. இவ ஏதாவது கேட்டாளா? வீட்டு மருமக, கேக்க மாட்டா. மருமகளுக்கு எவனாவது கூலி குடுப்பானா?"

"அவ கேக்கல," என்றார் மண்டேவு. "நான் கேக்கறேன்."

சஹ்விரா கேட்டாயிற்று, மறுக்கக் கூடாது. சடங்கு நாள். அவரே தொழுவத்துக்குப் போய், தடவித் தடவிக் கயிற்றை அவிழ்த்தார். அண்ணனின் கோட்டை மட்டும் மடித்து வேலிமேல் போட்டார்.

அவர் குடிசை குன்றின் மேல். பசுவின் மணிச் சத்தமோ ஆற்றுப் பக்கம் இறங்கிப் போனது.

"பாத்தீங்களா அத்தை?" டோகரெபி என்னிடம் பல்லைக் கடித்தான். "ஆத்தைத் தாண்டினா கசாப்புக் கடை. இன்னைக்கே காசாக்கிடுவாரு."

கழுவ வேண்டிய தட்டுகள் மலைபோல் கிடந்தன. ரவிரோ ஏற்கெனவே அவற்றின் முன் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் விடியும் முன்பே அவளும் போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலிருந்து யாரும் அவளைப் பார்க்கப் போகவில்லை. மண்டேவையும் எந்தச் சடங்குக்கும் கூப்பிடவில்லை. வழியில் கண்டால் பிள்ளைகள் குறட்டை விட்டுக் காட்டினார்கள். அவரும் சிரித்துக்கொண்டே போவார்.

நான்கு வருஷம் கழித்து மண்டேவு இறந்தார். எங்கள் வீட்டிலிருந்து நான் ஒருத்திதான் போனேன்.

ஊரிலிருக்கும் எல்லாச் சாவிலும் நடித்தவர். அவர் சாவில் நடிக்க ஆள் இல்லை. பெட்டியைக் குழிக்கருகே வைத்துவிட்டு எல்லோரும் சும்மா நின்றோம். சிரிப்பில்லாமல் ஒரு சஹ்விராவை மண்ணில் இறக்குவது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தரையில் உட்கார்ந்தாள். பஸ் ஜன்னலில் சாய்வது போலத் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து குறட்டை விட்டாள். அச்சு அசல் மண்டேவு!

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும், கண்ணீரோடு.

அவள் எழுந்தாள். ரவிரோ. மடியிலிருந்து ஒரு தகர மாட்டு மணியை எடுத்துப் பெட்டியருகே ஆட்டினாள். டொக்... டொக்...

"எழுந்திருங்க மாமா. ஆபீஸ் வந்தாச்சு. கையெழுத்துப் போடணும்."

மண்டேவு அன்று ஓட்டிப் போன செவலைப் பசு அந்த நான்கு வருஷமும் அவள் தாய்வீட்டில்தான் கறந்துகொண்டிருந்தது.