உருவ மறந்த துணி

ஒரு தாயையும் நாலு குழந்தைகளையும் உள்ளே வைத்து வாசலை அடைத்துவிட்டு வந்துவிட்டோம் என்பது, ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போதுதான் நெஸ்டாவுக்கு உறைத்தது. கையைத் துடைக்கக் கோட்டுப் பையைத் துழாவினாள். துணி இல்லை.

வேலை முடிந்து அடிவாரத்துக்கு இறங்கியிருந்த தன்னார்வலர்கள் சுற்றிலும் டீயும் பழரொட்டியுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாராவது தன் முகத்தைப் பார்த்துவிடுவார்களோ என்று குனிந்துகொண்டாள்.

வேல்ஸில், எரேரி தேசியப் பூங்காவின் அந்த ஓக் காட்டில் மாதம் ஒருமுறை தூங்கெலிக் கணக்கெடுப்பு நடக்கும். வருஷத்தில் பாதியைத் தூங்கியே கழிக்கிற, கட்டைவிரல் பருமனுள்ள பொன்னிறப் பிராணி அது. அருகிக்கொண்டே வருகிறதே என்று, குட்டி போட மரங்களில் தலைக்குச் சற்று மேலே பெட்டிகள் கட்டிவிட்டிருந்தார்கள்.

ஜோடி ஜோடியாகப் போக வேண்டும். ஒருவர் பெட்டியின் ஓட்டையில் துணியைத் திணித்துப் பெட்டியை இறக்குவார். மற்றவர் பையை விரித்துப் பிடிப்பார். எண்ணி, எடை பார்த்து, பெட்டியைத் திரும்ப மாட்டியதும் துணியை உருவிவிட வேண்டும். ஓட்டை மரத்தைப் பார்த்தபடி இருப்பதால், உருவ மறந்தால் முன்னால் நிற்கிறவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

இதை ஒவ்வொரு தடவையும் தொண்டை கிழியச் சொல்கிறவள் நெஸ்டாதான். கணக்கெடுப்பை ஏற்பாடு செய்வது அவள், தூங்கெலியைத் தொடுவதற்கான லைசென்ஸ் இருப்பதும் அவள் பெயரில்தான். துணியை மறந்தவர்கள் மறுபடி காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டதும் அவளேதான். இன்றைக்கு அந்தப் பெட்டியை இறக்கியதும் சாட்சாத் அவளே.

அந்தச் சட்டத்துக்கு முதலில் பலியானவள் ஓல்வென். பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதி. போன வருஷம் இருவரும் பார்த்த ஒரு பெட்டியில் துணி அப்படியே இருந்துவிட்டது. மறுமாதம் திறந்தபோது தாயும் குட்டிகளும் செத்துக் கிடந்தன.

ஓல்வெனுக்கு அப்போது தோள்பட்டை வலி. கோட்டைக்கூட நெஸ்டாதான் மாட்டிவிட்டாள். வலியில் கவனம் சிதறியிருக்கும் என்று முடிவு கட்டி, எல்லோர் முன்னாலும் வைத்து, இனிமேல் வராதே என்று சொல்லிவிட்டாள். ஓல்வென் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தொப்பியை எடுத்துக்கொண்டு போனவள்தான், அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

இப்போது என்ன செய்வது? வாயைத் திறந்தால் மானம் போகும், லைசென்ஸும் போகும். ஓடிப்போய் உருவிவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்ததே நெஸ்டாவுக்கு அசிங்கமாக இருந்தது. ஆனாலும் அதைத்தான் செய்தாள். மூக்குக் கண்ணாடியை மேலே விட்டுவிட்டேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மழை பிடித்துக்கொண்டது. வேல்ஸ் மழைக்கு வேளை கெட்ட வேளை ஏது? சகதியில் வழுக்கி, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு ஏறினாள். ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணினாயே, உன் புத்தி எங்கே போச்சு என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

பெட்டி கட்டிய மரத்தடியில் யாரோ நின்றிருந்தார்கள். கிட்டே போனால், ஓல்வென். கையில் அந்தத் துணி.

"உசுரோட இருக்கா?" என்று கேட்டாள் நெஸ்டா.

"இருக்கு. உள்ள கீச்சு கீச்சுனு சத்தம் கேக்குது. மெதுவாப் பேசு."

நீ எப்படி இங்கே என்று கேட்டாள் நெஸ்டா. மாதாமாதம் இவர்கள் இறங்கிப் போனதும் ஏறி வந்து, ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் கையை விட்டுப் பார்த்துவிட்டுப் போகிறாளாம். பாவம், செத்துப்போன குட்டிகளுக்குப் பிராயச்சித்தம் தேடுகிறாள் என்று நினைத்தபோது நெஸ்டாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என்னை மன்னிச்சிருடி. அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி உன்னைத் துரத்தினேன். இன்னிக்கு அதே தப்பை நானே பண்ணிட்டு நிக்கிறேன். கீழ போய் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். லைசென்ஸ் போனா போகட்டும்."

"போனா அப்புறம் யாரு நடத்துவா? உன்னை விட்டா இங்க லைசென்ஸ் யாருகிட்ட இருக்கு?" என்றாள் ஓல்வென். "கணக்கெடுப்பு நின்னா இதுகளை ஏன்னு கேக்க நாதி கிடையாது. பேசாம இரு. பின்னாடி வந்து பாக்க நான் இருக்கேன்."

இப்படி ஒருத்தியையா விரட்டினோம் என்று நினைத்தாள் நெஸ்டா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எத்தனையோ வருஷமா பண்றேன் ஓல்வென். ஒரு தடவைகூட என் கை இப்படித் தவறினதில்ல."

ஓல்வென் துணியைப் பிழிந்து நெஸ்டாவின் கோட்டுப் பையில் திணித்தாள்.

"அப்ப என்னால கையைத் தூக்கவே முடியாதேடி. போன வருஷமும் பெட்டியை இறக்கினது நீதான்."