நான்கு பேருக்கு இருபத்தாறு

மாமனார் முன்சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்திருந்தார். காற்றுப் பம்பை மிதிப்பது என் வேலை.

எத்தனை பவுண்டு வைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வாயைக் கொடுத்துப் பட்டது போதும்.

ஒரு வருஷத்துக்கு முன் முதல்முறை இந்த வீட்டுக்கு வந்தபோது, எல்லாக் காருக்கும் முப்பதுதானே என்று சொல்லித் தொலைத்தேன்.

அவர் மகளும் நானும் யாருக்கும் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். இதைப் பொறுக்கவில்லை.

அன்றிலிருந்து நான் அவருக்குத் தம்பி. கூரியர் கொண்டுவருகிறவரும் அவருக்குத் தம்பிதான்.

கார் அவரைவிட இரண்டு வயது மூத்தது. அதன் கையேட்டில் ஆள் கணக்குக்கு ஓர் அட்டவணை உண்டு. மூன்று பேர் என்றால் இருபத்து நான்கு, நான்கு பேர் என்றால் இருபத்தாறு.

ஞாயிறுதோறும் மாமனார், மாமியார், என் மனைவி மூவரும் பின்பக்கத்து ஷெட்டுக்குப் போவார்கள். நான் கூடத்தில் உட்கார்ந்து, படித்த பேப்பரையே படிப்பேன்.

ஒரு மணி நேரத்தில் திரும்புவார்கள். ரோடா அது என்று மாமியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார். போனதும் தெரியாமல் வந்ததும் தெரியாமல் ஓடுகிற கார் என்று நானும் மெச்சியிருக்கிறேன்.

இன்று அப்பாவுக்கு முழங்கால் வலி என்று சொல்லி, பம்பு மிதிக்க என்னை ஷெட்டுக்குள் நுழைத்தவள் என் மனைவி.

மாமனார் கையேட்டைப் பிரித்து, மாமியாரிடம் எடை கேட்டார். மாமியார் கூசாமல் அறுபது என்றார். அறுபது என்று எழுதிவிட்டு எழுபத்தைந்துக்குக் கணக்குப் போட்டார் மாமனார். முப்பது வருஷத்துக் குடித்தனம் சும்மாவா?

மகளிடமும் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.

மிதித்தேன்.

பம்பின் முள் இருபத்து நான்கைத் தொட்டது. என் காலைத் தூக்கிக்கொண்டேன்.

"யாரு நிறுத்தச் சொன்னா?" என்றார் மாமனார்.

இருபத்தைந்து. இருபத்தாறு. போதும் என்று கை காட்டினார். மற்ற மூன்று சக்கரங்களுக்கும் அதேதான். மிதித்த வேகத்தில் முப்பதுகூட வைத்திருப்பேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

என்னை முன் இருக்கையில், அவர் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். நான்கு கதவுகளும் சாத்தப்பட்டன. ஷெட் கதவைத்தான் யாரும் திறக்கவில்லை.

இன்ஜின் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

மனைவி பின்னாலிருந்து என் காதருகே குனிந்தாள். அவள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ரிப்பேருக்குக் கழற்றிப்போன இன்ஜினாம். கொண்டுபோனவரும் வரவில்லை, இன்ஜினும் வரவில்லை என்றாள்.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். மாமனார் ஸ்டீயரிங்கை மெல்ல இடதுபக்கம் ஒடித்துக்கொண்டிருந்தார். மாமியார் அதற்குள் கைப்பிடியைப் பற்றியிருந்தார்.

"மேடு வருது. கெட்டியாப் பிடிச்சுக்கோங்க, மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

பிடித்துக்கொண்டேன்.

இருபத்தாறு வைத்திருந்ததால் அவ்வளவாகத் தூக்கிப் போடவில்லை.