இலையின் அடிப்பக்கம்

தச்சர் பட்டறையிலிருந்து வந்து கைகால் கழுவுவதற்குள் மனைவியின் வீடியோ அழைப்பு வந்துவிடும். ரசாயன மருந்தில்லாமல் பயிரைக் காக்கும் முதுகலைப் படிப்புக்காக அவள் வெளியூர் விடுதியில் இருந்தாள். ஆய்வுக்கென்று கொல்லையில் கத்தரி நட்டு, இலையடியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளைத் தின்னப் பொறிவண்டுகளை விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

“முதல்ல கேமராவைச் செடிப் பக்கம் திருப்புங்க. இப்ப இலையைத் திருப்புங்க, மெதுவா.”

“பொறிவண்டெல்லாம் சௌக்கியம்தான். என்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டியா?”

“அடுத்த செடி.”

பூச்சிக்கு இருக்கிற மவுசு கட்டின புருஷனுக்கு இல்லையே என்று அவர் மனம் புழுங்கும்.

ஒருநாள் அவரே கூப்பிட்டபோது அவளுடைய அறைத்தோழி போனை எடுத்தாள். “அவ குளிக்கிறா, அண்ணா.”

“சரிம்மா. ஆய்வுச் செடியைக் காட்டக் கூப்பிட்டேன்.”

“அந்த ஆய்வு போன மாசமே முடிஞ்சிடுச்சே!”

தச்சருக்குச் சுருக்கென்றது. மனைவி திரும்பக் கூப்பிட்டதும் கேட்டுவிட்டார். “ஆய்வுதான் முடிஞ்சிடுச்சாமே. அப்புறம் எதுக்குத் தினமும் இலையைத் திருப்பச் சொல்ற?”



“திருப்புறப்ப உங்க கை தெரியும்ல.”

“முகத்தைக் காட்டச் சொல்லியிருக்கலாமே?”

“முகத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தா, படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு பெட்டியைக் கட்டிடுவேன். பரீட்சை முடியுறவரைக்கும் கை போதும்.”

 தச்சர் கேமராவைச் செடிப் பக்கம் திருப்பினார். இருட்டும்வரை, ஒவ்வோர் இலையாக மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்தார்.