வீட்டுக்காரம்மாவின் வரிபாக்கி

"இந்த வாரத்துக்குள்ள வரிபாக்கியக் கட்டலேன்னா கட்டடத்துக்கே சீல் வச்சிருவேன்!" என்று மேசையைத் தட்டினார் வரி அதிகாரி. போன வாரம்தான் மாற்றலாகி வந்தவர். வரும்போதே கோபத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

வீட்டுக்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிழைப்புக்கென்று அவளிடம் இருப்பது அந்த ஒரு கட்டடம்தான்.

"வாடகை வந்தாத்தானே சார் வரி கட்ட முடியும்? உள்ள இருக்கிறவங்க மூணு வருஷமா சல்லிக்காசு தரல."

"வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா, மேலிடத்துக்கு எழுதியிருக்கோம்கிறாங்க."

"நல்லா காதுல பூ சுத்தியிருக்கான்! இவ்வளவு ஏமாளியாவா இருப்பீங்க? கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளும்மா. வாடகை குடுக்க வக்கில்லாதவனுக்கு என்ன மரியாதை?"

அவள் விருட்டென்று எழுந்துபோய், அவர் தலைக்கு மேல் சுழன்ற மின்விசிறியை அணைத்தாள்.

"அப்ப எந்திரிங்க சார். உங்க ஆபீஸ் நடக்கிறதே என் கட்டடத்துலதான்."