ஒத்தைத் தையல்

"இது பொம்மையா? இல்ல, பொம்மைன்னு பேரைச் சொல்லி ஊரை ஏமாத்துற வேலையா?"

ஞானரத்தினம் டீச்சர் போட்ட சத்தத்தில் சந்தைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

டீச்சரின் ஒரு கையில் வெள்ளைத் துணி நாய். இன்னொரு கையில், வயிறு பிரிந்து தொங்கும் ஒரு பெண் பொம்மை. எதிரே சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ரோசம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தக் காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிள்ளைகளாக இருந்தவர்கள் ரோசம்மாள் பொம்மையை மறந்திருக்க மாட்டார்கள். சந்தையன்று காலையில் ராஜபாளையத்திலிருந்து, பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் பஸ் இருமிக்கொண்டே வந்து நிற்கும். கூரையிலிருந்து அவள் மூட்டை இறங்கும். அவிழ்ப்பதற்குள் பிள்ளைகள் சூழ்ந்துவிடுவார்கள். ரோஸ் மூக்கு வைத்த வெள்ளை நாய், காது மடங்கிய யானை, மூக்குத்தி போட்ட பெண் பொம்மை. எல்லாம் இலவம்பஞ்சு அடைத்து மெத்தென்று இருக்கும். புருஷன் தேவஇரக்கம் விட்டுப்போன தையல் மெஷின்தான் அவளுக்குப் பிழைப்பு.

யுத்த சமயம். துணிக்குக் கண்ட்ரோல். ரேஷன் கார்டை வைத்துக்கொண்டு நாள் முழுக்க நின்றாலும் கடையில் துணி இருந்தால்தான் உண்டு. ரோசம்மாள் டைலர் கடைகளில் வெட்டுத்துணி பொறுக்கித்தான் பொம்மை தைத்தாள்.

"எம்மகளுக்கு ஒங்கிட்ட நாய் வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. தரையில போட்டு இழுக்கா, தண்ணியில முக்குதா. ஒரு நூல் பிரியலை. இந்தா, இன்னைக்கு வாங்குன நாய். இழுத்துப் பாக்கேன், அசையுதா? இந்தப் பொம்மை மட்டும் ஏன் பிரிஞ்சுச்சு?" என்றாள் டீச்சர்.

"குடுங்க டீச்சரம்மா. பஞ்சு வச்சுத் தச்சுத் தாரேன்."

"பஞ்சு வச்சா? அப்பம் மொதல்ல பஞ்சே வைக்கலையா? ஏ ஆத்தாடி, எல்லாரும் வந்து பாருங்க! உள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் வயிறு!"

டீச்சர் பொம்மையைத் தூக்கிக் காட்டினாள். கூட்டம் நெருங்கியது.

பொம்மைக்குச் சொந்தக்காரி வெள்ளைத்தாய், டீச்சரிடம் மூணாவது படிக்கிற பிள்ளை. அம்மா கருத்தம்மாளின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கருத்தம்மாள் மலையடிவாரத்தில் இலவங்காய் பொறுக்கி ரோசம்மாளிடம் கொண்டுவந்து கொடுக்கிறவள். அதற்குப் பதிலாகத்தான் மகளுக்கு அந்தப் பொம்மை கிடைத்தது.

"விடுங்க டீச்சரம்மா, நாங்க ஒண்ணும் குறை சொல்லலையே" என்றாள் கருத்தம்மாள் மெல்ல.

"நீ சொல்ல மாட்ட. அந்தத் தைரியத்துலதான் இவ செய்யுதா. போன மாசம் கான்சாபுரத்துக்காரி பிள்ளை வச்சிருந்த பொம்மையும் இப்படித்தான் ரெண்டே நாள்ல வாயைப் பொளந்துச்சு. எங்கண்ணால பார்த்தேன். காசுள்ளவன் பிள்ளைக்கு ரெட்டைத் தையல், இல்லாதவன் பிள்ளைக்கு ஒத்தைத் தையல். ஞாயித்துக்கிழமை கோயில்ல முன்வரிசையில முழங்கால் போடுதியே ரோசம்மா, கூசலையா ஒனக்கு?"

ரோசம்மாளின் கண் நிறைந்துவிட்டது.

"நியாயந்தானே?" என்றது ஒரு குரல்.

"இனிமே இவகிட்ட யாரும் வாங்காதிய" என்றது இன்னொன்று.

யானையைக் கையில் எடுத்திருந்த ஒருவர் அதைச் சாக்கிலேயே போட்டுவிட்டு நகர்ந்தார். ரோசம்மாள் பொம்மைகளை அள்ளி மூட்டைக்குள் வைக்க ஆரம்பித்தாள். ரோஸ் மூக்கு நாய்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

கருத்தம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மகளின் கையை உதறிவிட்டு முன்னால் வந்தாள்.

"டீச்சரம்மா, செத்த நில்லுங்க."

"கருத்தம்மா, நீ சும்மா இரு!" ரோசம்மாள் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "எனக்கு ஒண்ணுமில்ல. நீ பிள்ளையக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போ."

"இல்லக்கா. எம்புட்டு நேரம் கேட்டுக்கிட்டு நிக்கது?" கருத்தம்மாள் கையை விடுவித்துக்கொண்டாள். அவள் முகம் சிவந்திருந்தது. கூட்டத்தைப் பார்க்கவில்லை, டீச்சரை மட்டும் பார்த்துப் பேசினாள்.

"ஒரு மாசமா எம்பிள்ள பள்ளிக்கூடம் வரலைன்னு வீட்டுக்கே வந்து கேட்டிய. காய்ச்சல்னு சொன்னேன். காய்ச்சல் இல்ல டீச்சரம்மா. இருந்த ஒரு பாவாடையும் கிழிஞ்சுபோச்சு. வயசு ஒம்பது ஆச்சு, எப்படி வெளிய விடுவேன்? கோணியச் சுத்திக் கதவடச்சு வச்சிருந்தேன்."

டீச்சரின் கை தாழ்ந்தது.

"இந்த அக்கா எனக்குத் துணி தாரேன்னு ரெண்டு தடவை கேட்டாக. கையேந்த மாட்டேன்னுட்டேன். பொறவுதான் இந்தப் பொம்மையத் தந்தாக. 'பிள்ளைக்கு வெளையாட வச்சிக்கோ, தையல் விட்டுப்போனா கோவிச்சுக்காத'ன்னாக. மறுநா அது வயிறு பிரிஞ்சுச்சு. உள்ள பஞ்சு இல்லதான். நீங்க சொன்னது நெசந்தான்."

கருத்தம்மாள் மகளை இழுத்து முன்னால் நிறுத்தினாள். பிள்ளையின் இடுப்பில் அரக்குக் கலரில், கரை வைத்துத் தைத்த புதுப் பாவாடை.

"இதுதான் இருந்துச்சு."