பட்டறைக்காரம்மா

“காலேஜ்ல நீங்க படிச்ச கெமிஸ்ட்ரிக்கும் இந்தத் தச்சு வேலைக்கும் என்னங்க சம்பந்தம்?” என்று போன வருடம் அவள் கேட்டபோது, கணவன் சிரித்தான்.

“உடைஞ்ச நாற்காலியைச் சரிபண்ணக் கொண்டுபோனேன். பட்டறைக்காரம்மா என் கையிலேயே இழைப்புளியைக் கொடுத்துட்டாங்க!”

அன்றிலிருந்து வீட்டில் அந்தம்மா புராணம்தான். இன்று ஆபீஸ் முடிந்து பட்டறையில் எட்டிப் பார்த்தாள். மரத்தூள் அப்பிய தலையோடு இருவரும் ஒரே மேஜையை இழைத்தபடி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்தவன் முன்னால் காபி டம்ளரை நங்கென்று வைத்தாள்.

“பட்டறை வாசல்ல நின்னு பார்த்துட்டுத் திரும்பிட்டியே, அந்தம்மா மேல பொறாமையா? நாளைக்கே வேலையை விட்டுடறேன்,” என்றான்.

“பொறாமை அவங்க மேல இல்லை, உங்க மேல! என் ஆபீஸ்ல நான் ஒருநாளாவது அப்படிச் சிரிச்சிருக்கேனா?”

ஆபீஸ் பையை நாற்காலியில் வீசினாள்.

“நிஜமாவே விடறீங்கன்னா, அந்த இடத்துல என்னைச் சேர்த்துக்கச் சொல்லுங்களேன்!”