வெட்டாத வெளிச்சம்

"ஐயோ, எரியுதே…" ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி முனகினார் பஸ் டிரைவர்.

"அத்தனை லாரிக்கு நடுவுல பஸ் ஓட்டுற ஆளு, வயித்துக்குள்ள விடுற இந்தக் கேமராக் குழாய்க்குப் போய் நடுங்குறீங்களே" என்றாள் மனைவி. தையல்காரி. ஒரு மாதமாக இவர் படுத்திய பாட்டில் அவளுக்குத் தையல் வேலையே ஓடவில்லை. வயிற்று எரிச்சலுக்கு மருந்து அவள் கைப்பையில் எப்போதும் இருக்கும், கொடுத்தால் தொடமாட்டார். இன்றைக்கோ, "நான் பட்டினி, நீ மட்டும் சாப்பிடுவியா?" என்று அவளையும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவிடாமல் கூட்டி வந்திருந்தார்.

டாக்டரம்மா அவர் தொண்டையில் மரத்துப்போகச் செய்யும் மருந்தை அடித்தார்.

"உள்ள வெட்டி எடுப்பீங்களா டாக்டர்?" கேட்டது அவரல்ல, அவள். "துணின்னா திரும்பத் தைச்சிடலாம். இது வயிறாச்சே."

"முன்னெல்லாம் துளியூண்டு சதையைக் கிள்ளி லேபுக்கு அனுப்புவோம். இப்ப கேமராவுலயே தனி வெளிச்சம் இருக்கும்மா. புண்ணாகி வீங்கியிருந்தா அதுலயே தெரிஞ்சிடும். பெரும்பாலும் கிள்ளவே வேண்டியிருக்காது. நீங்களே திரையில பாருங்க."

குழாய் உள்ளே இறங்கியது. ஆறுதலாக அவர் கையைப் பிடித்திருந்தவள், கொஞ்ச நேரத்தில் அதை விட்டுவிட்டுத் திரைக்கு அருகிலேயே போய் நின்றுகொண்டாள். வெளிச்சம் நீலமாக மாறியதும், வயிற்றுச் சுவரில் மெல்லிய ரத்தக் குழாய்கள் வலைத்துணி போலத் தெரிந்தன.

"பின்னல் எங்கயும் பிசகலையே" என்றாள், தன்னை அறியாமல்.

"அதேதான். புண் இருந்தா இந்தப் பின்னல் கலைஞ்சிருக்கும். சுத்தமான வயிறு" என்றார் டாக்டரம்மா.

குழாய் வெளியே வந்தது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"வெட்டல, ரத்தம் வரல. இவ்வளவுதானா? இதுக்கா இந்தக் கூத்து? சின்னக் குழந்தைகூடப் பேசாம படுத்திருக்கும்."

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு சாவகாசமாக இறங்கினார். முனகலைக் காணோம். நர்ஸ் கட்டிலில் புது விரிப்பு போட்டு, வேறொரு குழாயை எடுத்து வைத்தாள்.

"அது யாருக்கு?" என்றாள் மனைவி.

மரத்த நாக்கு லேசாகக் குழற, அவர் சொன்னார்:

"எனக்கு எங்க எரிஞ்சுது? எரிச்சலை வச்சுக்கிட்டு, வெட்டுவாங்கன்னு வருஷக்கணக்கா ஓடி ஒளியுறது நீதானே? ஏறிப் படு."